வெள்ளிக்கிழமை இரவும் சனிக்கிழமைக் காலையும்

அமெரிக்கப் பத்திரிகை உலகில் பள்ளி விளையாட்டுச் செய்திக்குக் கடைசி வரிசைதான். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரை முதலில் அங்கே அனுப்புவார்கள். கொஞ்சம் பெயர் வாங்கியதும் அவர் கல்லூரி அணி, தொழில்முறை அணி என்று நகர்ந்துவிடுவார். இந்த வகை எழுத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே ஒரு புத்தகத்தில்தான் போய் நிற்கும்: எச்.ஜி. பிஸிஞ்சர் 1990-ல் வெளியிட்ட 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்'. நானும் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் அதைத் தனியாக வைத்துப் பேசினால் பாதிதான் பிடிபடும் என்பது என் எண்ணம். உள்ளூர் நிருபர் ராத்திரியோடு ராத்திரியாக எழுதித்தரும் நானூறு வார்த்தைச் செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். ஒன்றின் குறையை இன்னொன்று காட்டிக்கொடுக்கும்.

முதலில் அந்த நானூறு வார்த்தை.

அங்கே ஹைஸ்கூல்னா ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. ஆடுகிறவர்களுக்கு வயது 14-லிருந்து 18. ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். இலையுதிர்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாலை ஏழு, ஏழரைக்கு ஆட்டம் தொடங்கும். முடிய ஏறக்குறைய பத்து மணி ஆகும். அச்சுப் பத்திரிகையாக இருந்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்தை மூடியாகணும். பெரிய லீக்குகளில் புள்ளிவிவரத்தை அச்சடித்துக் கையில் கொடுக்க ஆள் இருக்கு. இங்கே பெரும்பாலும் நிருபரேதான் எல்லாம். ஓரக்கோட்டை ஒட்டி நடந்துகொண்டே, பந்து யார் கையில் போனது, எத்தனை கஜம் ஓடினார், எங்கே விழுந்தார் என்று வரிவரியாக நோட்டில் குறிக்கணும். ஆட்டம் முடிந்ததும் கூட்டல் கழித்தல். நடுவில் கோச்சைப் பிடித்து இரண்டு வார்த்தை வாங்கணும். அதற்கப்புறம்தான் எழுத்து.

நேரில் போக முடியாத ஆட்டங்களுக்குக் கோச்சுகள் பத்திரிகை ஆபீஸுக்குப் போன் போட்டு ஸ்கோர் சொல்வது நீண்ட காலமாக இருந்த வழக்கம். ஜெயித்தவர் மறக்காமல் கூப்பிடுவார். தோற்றவருக்குப் போன் எடுக்கக் கை வராது. அதனால் தோற்ற அணியில் நன்றாக ஆடின பையன் பெயர் பல நேரம் அச்சில் ஏறாமலே போய்விடும். இது யாரும் திட்டமிட்டுச் செய்யும் ஓரவஞ்சனை கிடையாது. செய்தி வந்துசேரும் வழியே அப்படி அமைந்திருக்கு.

இதில் விசித்திரமான ஆள் வாசகர்தான். செய்தி என்பதே தெரியாததைச் சொல்வது என்கிறோம். சிறுநகரத்தில் இந்தச் செய்தியைப் படிக்கிறவர்களில் பலர் முந்தின ராத்திரி மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். ஸ்கோர் அவர்களுக்குத் தெரியும். யார் பந்தைத் தவறவிட்டது என்றும் தெரியும். அப்புறம் எதற்குக் காலையில் பேப்பரைத் தேடறாங்க? பெயருக்காக. நடந்தது நடந்ததுதான் என்று அச்சு ஒருமுறை சொல்லணும். ஆட்டக்காரர் பட்டியலை 'அகேட்' என்கிற ஐந்தரைப் பாயிண்ட் பொடி எழுத்தில் போடுவார்கள். அந்தப் பொடி எழுத்தை வெட்டி எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கிற பாட்டிகள் அங்கே உண்டு. அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பள்ளியோடு ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். பத்திரிகையில் பெயர் வருவது அவர்களுக்கு வாழ்க்கையில் அந்த ஒரு பருவத்தில்தான். அதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அது சாதாரணப் பிழை இல்லை. அதனால்தான் இந்த வேலைக்கு வருகிறவருக்கு முதலில் சொல்லித்தருவது நடை, வர்ணனை எல்லாம் கிடையாது. பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டிச் சரிபார்ப்பது.

இந்த எழுத்துக்குச் சில எழுதாத சட்டங்கள் உண்டு. ஆட்டம் கைவிட்டுப் போன தருணத்தைச் சொல்லலாம், அதற்குக் காரணமான பதினாறு வயதுப் பையனைத் தலைப்பில் இழுக்கக் கூடாது. பந்து கை நழுவியது என்று எழுதலாம், யார் கையிலிருந்து என்பதை முடிந்தால் விட்டுவிடலாம். கோச்சின் வியூகத்தைக் குறை சொல்லலாம், பிள்ளையின் மனத்திடத்தை எடைபோடக் கூடாது. காரணம் எளிது. அவர்கள் சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள் இல்லை. அடுத்த நாள் காலை அந்தப் பையனின் அம்மாவை நிருபர் மளிகைக்கடை வரிசையில் பார்ப்பார். வெள்ளிக்கிழமை எழுதுவதற்குச் சனிக்கிழமை முகம் கொடுத்தாகணும்.

இந்தச் சட்டங்கள் நல்லவை என்றே நினைக்கிறேன். ஆனால் இவை எங்கே முடிகின்றன என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக வந்த மென்மை, கொஞ்சம் கொஞ்சமாகக் கோச்சைக் காப்பாற்றும், அப்புறம் பள்ளி நிர்வாகத்தைக் காப்பாற்றும், கடைசியில் ஊரின் பெயரைக் காப்பாற்றும். கோச்சைப் பகைத்துக்கொண்டால் அடுத்த வாரம் போன் வராது. ஊர்க்கடைக்காரர்தான் விளம்பரம் கொடுக்கிறவர், அவரே அணியின் ஆதரவாளர் சங்கத்திலும் இருப்பார். யாரும் மிரட்ட வேண்டியதில்லை, பழக்கமே போதும்.

இந்த இடத்தில்தான் பிஸிஞ்சர் வருகிறார்.

அவர் டெக்சஸ் ஆள் கிடையாது. ஃபிலடெல்ஃபியா இன்க்வயரர் பத்திரிகையில் வேலை பார்த்தவர். நீதிமன்ற ஊழல்கள் பற்றிய தொடருக்காக 1987-ல் சகாக்களோடு புலிட்சர் வாங்கியவர். 1988-ல் குடும்பத்தோடு மேற்கு டெக்சஸில் உள்ள ஒடெஸ்ஸாவுக்குக் குடிபெயர்ந்து, பெர்மியன் ஹைஸ்கூல் அணியின் ஒரு பருவம் முழுக்க அவர்களோடேயே இருந்தார். எண்ணெய் விலை சரிந்து ஊர் நொடித்துப்போயிருந்த காலம் அது. அந்த ஊரில் பத்தொன்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய ஸ்டேடியம், பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதற்காக.

புத்தகத்தின் கதையோட்டம் பலருக்குத் தெரிந்திருக்கும். அணியின் நட்சத்திரமாக வரவேண்டிய, பூபி என்று கூப்பிடப்பட்ட ஜேம்ஸ் மைல்ஸ், பருவம் தொடங்குமுன்னே லபக்கில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் முழங்காலை உடைத்துக்கொள்கிறார். மிட்லண்ட் லீ அணியிடம் பெர்மியன் ஒரே ஒரு புள்ளியில் தோற்கிறது. வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பு என்கிற மாதிரி கோச் கேரி கெய்ன்ஸ் வீட்டுப் புல்வெளியில் 'விற்பனைக்கு' பலகைகளை நட்டுவைக்கிறார்கள். மூன்று அணிகள் சமநிலையில் நிற்க, யார் அடுத்த கட்டத்துக்குப் போவது என்று நாணயம் சுண்டிப் பார்க்கிறார்கள். கடைசியில் மாநில அரையிறுதியில் டல்லஸ் கார்ட்டர் அணியிடம் 14-9 என்று தோல்வி. 2004-ல் வந்த திரைப்படம் அந்த ஆட்டத்தை இறுதியாட்டமாக மாற்றி, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமுக்குக் கொண்டுபோய்விட்டது. படத்துக்கு அது சௌகரியம். புத்தகத்தின் ஏமாற்றமோ, இறுதிக்குக்கூடப் போகாமல் ஒரு ஊர் முழுக்க உடைந்து நிற்பதில்தான் இருக்கு.

ஆனால் புத்தகத்தின் பலம் ஆட்ட வர்ணனையில் இல்லை என்று சொல்வேன். அதன் மிகச்சிறந்த பத்தி ஒன்றில் வெறும் எண்கள்தான் இருக்கு. பெர்மியன் பள்ளியில் ஆண்கள் விளையாட்டுக்கான மருத்துவப் பொருள்களுக்கு 6,750 டாலர். ஆங்கிலத் துறை முழுவதற்கும் கற்பித்தல் பொருள்களுக்கு 5,040 டாலர். ஆட்டப் படச்சுருளை அவசரமாகக் கழுவி கோச்சுகளிடம் சேர்க்க மட்டும் 6,400 டாலர். அந்தப் பருவத்தில் அணியை ஏற்றிப்போகத் தனி விமானங்களுக்கு ஏறக்குறைய 70,000 டாலர்.

இந்த எண்கள் ரகசியமா? இல்லை. பள்ளி மாவட்டத்தின் வரவுசெலவு மக்கள் பணம். கேட்டால் கிடைக்கக்கூடிய கணக்கு. பிஸிஞ்சர் பூட்டை உடைத்து எதையும் எடுத்து வரவில்லை. நான்கு எண்களை ஒரே பத்தியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். உள்ளூர்ப் பத்திரிகையின் அமைப்பு அதைச் செய்ய விடாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. விளையாட்டு நிருபருக்கு விமானம் தெரியும், ஆங்கிலத் துறை அவர் பகுதி கிடையாது. கல்வி நிருபருக்கு ஆங்கிலத் துறை தெரியும், மருத்துவக் கட்டுத்துணி அவர் பகுதி கிடையாது. இரண்டு மேசைகளுக்கு நடுவில் உண்மை விழுந்து கிடக்கும். வெளியாளுக்கு மேசையே இல்லாததால் அது கண்ணில் பட்டது.

இனவெறி விஷயமும் அப்படித்தான். ஒடெஸ்ஸாவில் பள்ளிகளை இனங்கலந்தவையாக மாற்றும் வேலை நீதிமன்ற உத்தரவின் பேரில் 1982-ல்தான் உருப்படியாக நடந்தது. அடிபட்ட பூபியைக் கால் ஒடிந்த குதிரையோடு ஒப்பிட்டுச் சிரித்ததையும், கறுப்பினத்தவரைக் குறிக்கும் கெட்ட வார்த்தை சர்வசாதாரணமாகப் புழங்கியதையும் பிஸிஞ்சர் எழுதிவைத்தார். ஊருக்குள் இருக்கிறவர்களுக்கு அது காதில் விழாது, ஏன்னா தினமும் கேட்கிற சத்தம். புத்தகம் வந்ததும் ஊர் கொதித்தது. மிரட்டல்கள் வந்ததால் ஒடெஸ்ஸாவில் நடக்கவேண்டிய கையெழுத்து நிகழ்ச்சியே ரத்தானது. நம்பி வீட்டுக்குள் விட்டோம், காட்டிக்கொடுத்துவிட்டார் என்பது அவர்கள் புகார்.

பொதுவாக விமர்சகர்கள் இந்தப் புகாரை ஒதுக்கிவிடுவார்கள். உண்மை சுட்டது, அதனால் கத்தினார்கள் என்று. எனக்கு அவ்வளவு சுலபமாக ஒதுக்கத் தோன்றவில்லை. புத்தகத்தில் இரண்டு விதமான வெளிச்சம் இருக்கு. ஒன்று வளர்ந்தவர்கள் மேல் விழுவது: நிர்வாகம், பட்ஜெட், ஆதரவாளர்கள், ஊர்ப் பேச்சு. அது முழுக்க நியாயம். இன்னொன்று பிள்ளைகள் மேல் விழுவது: ஒருவன் அப்பாவின் குடி, ஒருவன் வகுப்பில் எப்படி இருக்கிறான், ஒருவன் எதைக் கண்டு பயப்படுகிறான். எல்லாம் நிஜப் பெயரோடு. அவர்கள் பேசச் சம்மதித்தார்கள் என்பது சரிதான். ஆனால் பதினேழு வயதில் கொடுத்த சம்மதத்தை ஆயுள் முழுக்கச் சுமக்கணும். பிஸிஞ்சர் கிளம்பிப் போய்விட்டார். அவர்களுக்குச் சனிக்கிழமைக் காலை மட்டும் முடியவே இல்லை. உள்ளூர் நிருபரின் எழுதாத சட்டம் இந்த இடத்தில் பிஸிஞ்சரைவிட மேலானது என்றே சொல்வேன்.

அப்படியானால் உள்ளூர் மென்மையே போதுமா? போதாது. அதற்கு ஒஹையோ மாநிலத்தின் ஸ்டூபன்வில் சாட்சி. 2012 ஆகஸ்டில் அங்கே ஒரு பதினாறு வயதுப் பெண்ணை ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆட்டக்காரர்கள் இருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள். 2013 மார்ச்சில் சிறார் நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அன்றிரவு மாணவர்கள் இணையத்தில் பகிர்ந்திருந்த பதிவுகள் அழிக்கப்படுமுன்னே சேகரித்து வெளியிட்டவர், முன்பு அந்த ஊரில் வசித்து வெளியேறிய ஒரு வலைப்பதிவர். கிளீவ்லண்டின் பெரிய பத்திரிகையும், டிசம்பரில் நியூயார்க் டைம்ஸும் எழுதிய பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. அந்த வலைப்பதிவர் மேல் அவதூறு வழக்குக்கூடப் போடப்பட்டு, பின்னால் முடித்துக்கொள்ளப்பட்டது. பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் உட்பட வளர்ந்தவர்கள் சிலர் மேலும் வழக்கு பதிவானது. கண்காணிப்பாளர் பதவி விலகியதை ஒட்டி அவர் மீதான வழக்கு 2015-ல் கைவிடப்பட்டது.

அந்த வலைப்பதிவர் நின்ற இடம் முக்கியம். பிஸிஞ்சர் மாதிரி முழு வெளியாள் இல்லை, ஊர் எப்படி இயங்கும் என்று தெரியும். உள்ளூர் நிருபர் மாதிரி அடுத்த வாரம் கோச்சின் போனுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். பாதி உள்ளே, பாதி வெளியே. 'பிள்ளைகள் எதிர்காலம் பாழாகிவிடும்' என்கிற பேச்சு அந்த ஊரில் எழுந்தபோது, அந்தப் பிள்ளைகளில் பாதிக்கப்பட்ட பெண் சேர்த்தியா என்று கேட்கக்கூடிய தூரம் அது.

மூன்றாவதாக ஒரு வகை எழுத்தையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். இது மனிதர் எழுதாதது. பள்ளி ஆட்டச் செய்தியைக் கணினியைக் கொண்டு எழுதவைப்பது புதிதல்ல. 2017-லேயே வாஷிங்டன் போஸ்ட் தன் ஹீலியோகிராஃப் மென்பொருளை ஹைஸ்கூல் ஃபுட்பாலுக்குப் பயன்படுத்தியது. 2023 ஆகஸ்டில் கன்னெட் நிறுவனம் 'லீட் ஏஐ' என்கிற சேவையைக் கொண்டு கொலம்பஸ் டிஸ்பாட்ச் உள்ளிட்ட தன் பத்திரிகைகளில் இதைச் செய்தபோது ஊரே சிரித்தது. ஒரு செய்தியில் அணிகளின் செல்லப்பெயர் வரவேண்டிய இடத்தில், ஜெயித்த அணியின் பெயரை இங்கே நிரப்பு, தோற்ற அணியின் பெயரை இங்கே நிரப்பு என்கிற அடைப்புக்குறிகள் அப்படியே அச்சேறின. ஏதோ வேற்றுக்கிரகவாசியைச் சந்தித்த மாதிரியான ஒரு சொற்றொடர் ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்பத் திரும்ப வந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் கன்னெட் அதை நிறுத்திவைத்தது.

எல்லோரும் அந்த அசட்டு நடையைக் கிண்டல் செய்தார்கள். என்னைக் கேட்டால் நடை சின்ன விஷயம். உள்ளூர் நிருபர்கள் எழுதுவதிலும் தேய்ந்துபோன சொற்றொடர்கள் ஏராளம். அந்தச் செய்திகளில் நிஜமாகவே இல்லாமல்போனது வேறு: ஆடினவர்கள் பெயர். ஸ்கோர் இருந்தது, ஆட்டத்தின் எந்தக் கால் பகுதியில் யார் முன்னிலை என்பது இருந்தது, பிள்ளைகள் யாரும் இல்லை. ஃப்ரிட்ஜில் ஒட்ட ஒன்றும் இல்லை. நேரில் போய் நோட்டில் குறிக்க ஆள் இல்லாவிட்டால் பெயர் எங்கிருந்து வரும்? இந்த வகை எழுத்தின் உயிர் எது என்று எந்த விமர்சகரும் சொல்லாததை அந்த இயந்திரம் தன்னையறியாமல் சொல்லிவிட்டது.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியாததற்குக் காரணம் இருக்கு. 2005-க்குப் பிறகு அமெரிக்காவில் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடிவிட்டன என்கிறது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் பள்ளி ஆய்வு. மூடியவற்றில் பெரும்பாலானவை சிறிய ஊர்களின் வாரப் பத்திரிகைகள். அங்கேயெல்லாம் இனி ஸ்கோர் மட்டும் எங்கேயோ ஒரு செயலியில் வரும். பெற்றோர் போன் கேமராவில் எடுத்த துண்டுக் காட்சிகள் சுற்றும். கோச்சிடம் ஆட்டம் முடிந்ததும் கேள்வி கேட்க, சம்மன் இல்லாமலே வந்து நிற்கிற ஒரு மூன்றாம் மனிதர் இருக்கமாட்டார். அந்த மனிதர் பல நேரம் மென்மையாகத்தான் கேட்டார், உண்மைதான். ஆனாலும் கேட்க ஒருவர் வருவார் என்று தெரிந்திருப்பதே ஒரு கட்டுப்பாடு.

ஆக, இந்த எழுத்தை எடைபோட என்னிடம் இருக்கிற அளவுகோல் இதுதான். பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிறவரிடம் எவ்வளவு மென்மை, அதற்கு மேலே இருக்கிறவரிடம் எவ்வளவு கறார்? நல்ல உள்ளூர்ச் செய்தி முதலாவதில் தேறும், இரண்டாவதில் அடிக்கடி தோற்கும். பிஸிஞ்சர் இரண்டாவதில் முழு மதிப்பெண், முதலாவதில் தடுமாறுவார். இயந்திரத்துக்கு வயது வித்தியாசமே தெரியாது, ஏன்னா அதன் கண்ணுக்கு ஆளே தெரியாது. இரண்டிலும் தேறும் எழுத்து முடியாத காரியம் இல்லை. தவறவிட்ட பையனின் பெயரை விட்டுவிட்டு, தனி விமானத்தின் செலவை விடாமல் எழுதுகிற ஒரு உள்ளூர் நிருபர் போதும். அவருக்குப் பின்னால் நிற்கிற ஒரு ஆசிரியரும் வேணும்.

பிஸிஞ்சருக்கு ஒன்று சேர்த்துச் சொல்லணும், இல்லாவிட்டால் அநியாயம். 2012-ல் அவர் 'ஆஃப்டர் ஃப்ரைடே நைட் லைட்ஸ்' என்று ஒரு குறுநூல் எழுதினார், பூபி மைல்ஸோடு புத்தகத்துக்குப் பிறகு தொடர்ந்த உறவைப் பற்றி. அந்த உறவு வருடக்கணக்கில் நீண்டது. மைல்ஸின் வாழ்க்கை கஷ்டங்களிலேயே ஓடியது, பிஸிஞ்சர் பணமும் கொடுத்தார், கவலையும் பட்டார். கதை எழுதி முடித்தவருக்கு அந்தக் கதையில் வந்த பையனிடம் என்ன கடன் என்கிற கேள்வி அதில் ஓடிக்கொண்டே இருக்கு. உள்ளூர் நிருபர் மளிகைக்கடை வரிசையில் வாராவாரம் தீர்க்கிற அதே கடன்தான் அது. அவருக்கு மட்டும் இருபது வருஷம் தள்ளி வந்தது.